திணறும் டூ ஸ்ட்ரோக் படகு மோட்டார்: கார்புரேட்டரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

படகின் பின்புறம் மாட்டும் டூ ஸ்ட்ரோக் மோட்டார் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சீராக ஓடவில்லை. ஐடிலில் குலுங்குகிறது, ரேஸ் கொடுத்தால் இருமுகிறது, பாதி வேகத்துக்கு மேல் ஏற மறுக்கிறது. உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கார்புரேட்டர் திருகைத் திருப்பத்தான் கை போகும். வேண்டாம். போன வாரம் ஒழுங்காக ஓடிய மோட்டாரில் திருகு தானாக இடம் மாறுவது அபூர்வம். அதைத் திருப்பினால் இருக்கிற கோளாறோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். பெட்ரோல், பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) மூன்றையும் பார்த்த பிறகே கார்புரேட்டருக்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

தொடங்கும் முன்

மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். உள்ளே தண்ணீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் வறண்டு சுற்றினால் சீக்கிரமே கருகிவிடும். படகிலேயே வைத்து ஓட்டலாம், அல்லது தண்ணீர் உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கும்படி பெரிய டிரம்மில் இறக்கலாம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பெட்ரோல் ஆவி தேங்காத திறந்த இடமாகவும் இருக்கட்டும்.

பெட்ரோல் வரும் வழி

டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது மூடியிருந்தால் மோட்டார் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், பிறகு பெட்ரோலை இழுக்க முடியாமல் திணறும். சிரிப்பாக இருக்கும், ஆனால் இந்த ஒரு திருகுக்காக மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள் நிறைய.

அடுத்தது ஹோஸில் உள்ள ரப்பர் பல்ப். அதன் மேலுள்ள அம்புக்குறி மோட்டாரைப் பார்த்திருக்க வேண்டும். அமுக்க அமுக்க அது கெட்டியாக வேண்டும். கெட்டியாகவே ஆகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது, பல்புக்குள் இருக்கும் வால்வு போயிருக்கிறது, அல்லது கார்புரேட்டரின் மிதவை ஊசி மூடாமல் பெட்ரோல் வழிகிறது. ஓடும்போது பல்ப் உள்வாங்கிச் சப்பையானால் அடைப்பு டேங்க் பக்கம்.

இப்போது ஒரு நல்ல சோதனை. மோட்டார் திணறும் வேகத்தில் வைத்துக்கொண்டு இன்னொருவரைப் பல்பை அமுக்கச் சொல்லுங்கள். அமுக்கும்போது மட்டும் மோட்டார் தெளிந்து ஓடினால் பெட்ரோல் போதிய அளவு வரவில்லை. ஹோஸ், ஃபில்டர், மோட்டாரில் உள்ள பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (பெட்ரோலைத் தள்ளும் மெல்லிய சவ்வு) என்று வரிசையாகப் பாருங்கள். மாற்றம் எதுவும் இல்லையென்றால் சோக்கைக் கொஞ்சமாக இழுங்கள். அதில் தேறினால் பம்ப் வரை பெட்ரோல் வருகிறது, கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை) அடைத்திருக்கலாம். சோக் இழுத்ததும் இன்னும் மோசமானால் பெட்ரோல் குறைச்சல் காரணம் அல்ல.

டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். கீழே தனியாக ஒரு படலம் தங்கினால் தண்ணீர் கலந்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்தால் ஈரத்தை உறிஞ்சி இப்படிப் பிரியும். வார்னிஷ் வாடை அடித்தாலும் அந்தப் பெட்ரோல் வேண்டாம்.

ஆயில் அளவு மோட்டாரைப் பொறுத்தது. பலவற்றுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சில பழைய மோட்டார்கள் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி கேட்கும். கையேட்டில் உள்ளதே சரி. ஆயில் கூடினால் புகையும் அழுக்குப் பிளக்கும்தான். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் குளிரும் மோட்டார்களுக்கான டிசி-டபிள்யூ3 ஆயிலையே வாங்குங்கள்.

பிளக் சொல்லும் சேதி

சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, ஆறியதும் எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். எது எந்த சிலிண்டருடையது என்று மாறிப்போகாமல் வரிசையாக வையுங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. வெள்ளையாக வெந்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது அதிகச் சூடு. கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அந்த சிலிண்டர் எரியவில்லை என்று அர்த்தம். இரண்டு சிலிண்டர் மோட்டார் எல்லா வேகத்திலும் குலுங்கினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

நனைந்த பிளக்கின் இடத்தில் புதியதைப் போட்டும் தீரவில்லையா? பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜினோடு ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி தெறிக்கும், எனவே தள்ளியே பிடியுங்கள். கையில் ரப்பர் பிடியுள்ள இடுக்கி இருக்கட்டும். மற்ற பிளக்குகளும் இன்ஜினைத் தொட்டபடி இருக்க வேண்டும். பளிச்சென்று நீலப் பொறி வர வேண்டும். எதிலுமே பொறி இல்லையென்றால் நிறுத்தும் சுவிட்சின் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் பலவீனமாக இருந்தால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் (பொறிக்கான மின்சாரம் தரும் சுருள்) உள்ள மோட்டாரில் இரண்டு காயிலையும் இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி.

கம்ப்ரஷன்

எல்லாப் பிளக்கையும் கழற்றி, வயர்களை இன்ஜினோடு இணைத்து, திராட்டிலை முழுதாகத் திறந்து, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை (அழுத்தமானியை) மாட்டி முள் நிற்கும் வரை கயிற்றை இழுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து பலனில்லை. ரிங், கேஸ்கெட் வேலை இருக்கிறது.

கடைசியாகக் கார்புரேட்டர்

ஐடிலில் மட்டும் திணறினால் பெரும்பாலும் சின்ன ஜெட் அடைப்பு. முழு வேகத்தில் மட்டும் என்றால் பெரிய ஜெட். கார்புரேட்டரில் உள்ள காற்றுத் திருகைக் கழற்றும் முன் அது உள்ளே உட்காரும் வரை மெதுவாகத் திருகி, எத்தனை சுற்று வந்தது என்று எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே சுற்று. ஜெட்டுகளைக் கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் கொண்டு ஊதுங்கள். கம்பி விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிவிடும். நுண்சரி செய்வதை மோட்டார் சூடான பிறகு, தண்ணீரில், படகில் வைத்தே செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் வெளியே துப்பினால் ரீட் வால்வை (உள்ளே போன கலவை திரும்பி வராமல் தடுக்கும் மெல்லிய தகடு) பார்க்க வேண்டும். கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் முனையில் காற்று புகாமல் அடைக்கும் வளையம்) கசிந்தாலும் காற்று உள்ளே புகுந்து ஓட்டம் சீராக இருக்காது. இவை இரண்டுக்கும் இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும், அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.