ஃபார்மலினில் போட்டால் மட்டும் போதாது

மும்பையில் பரேல் பக்கம் ஹிஸ்டோபேத்தாலஜி லேபில் வேலை. ஆபரேஷனில் வெட்டியெடுத்த திசுவை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறவைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் இடம். சேலம், திருநெல்வேலி என்று ஊரிலிருந்து டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்து வரும் தம்பிகள், அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தை வருஷம் தவறாமல் அடிக்கிறார்கள். லேபிள் மறப்பது, பெயர் மாறுவது எல்லாம் இரண்டு திட்டில் சரியாகிவிடும். மற்றவை இவை.

கிருமி வந்தால்தான் கெடும் என்று நம்புவது

ரத்த ஓட்டம் நின்றதும் ஆக்ஸிஜன் கிடையாது. செல்லுக்குள் ஏ.டி.பி. என்ற எரிபொருள் தீரும், அமிலம் ஏறும். லைசோசோம் பைகளின் சவ்வு கிழிந்து, உள்ளிருக்கும் நொதிகள் அந்தச் செல்லையே செரிக்கும். இதுதான் ஆட்டோலிசிஸ், கிருமி ஒன்றுகூட வேண்டாம். இறந்தவர்களின் இரைப்பை தன் ரசத்தாலேயே கரைந்து ஓட்டை விழுவதை ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் 1772-லேயே எழுதியிருக்கிறார். கணையமும் குடலின் உட்படலமும் சீக்கிரம் போகும். தோலும் தசைநாரும் தாக்குப்பிடிக்கும்.

பெரிய ஸ்பெசிமனை அப்படியே மூழ்கடிப்பது

இதை நினைத்தாலே இன்னும் எரிச்சல் வருகிறது. போன மே மாதம் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து மார்பகம் முழுதாக வந்தது. வாய் குறுகிய ஜாடியில் திணித்து, மிச்ச இடத்தில் கொஞ்சம் ஃபார்மலின். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்தது, திங்கள் காலை எங்கள் மேஜைக்கு வந்தது. "அண்ணே, ஃபார்மலின்லதானே இருந்துச்சு, ஒண்ணும் ஆகியிருக்காது" என்றான் புதிதாகச் சேர்ந்த தம்பி. கத்தி வைத்ததும் தெரிந்தது. ஓரத்தில் மட்டும் வேகவைத்த கறி மாதிரி வெளிறிக் கெட்டியாக இருந்தது. உள்ளே சிவந்து கொழகொழவென்று, கட்டியின் விளிம்பு கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

ஃபார்மலின் ஆரம்பத்தில் மணிக்குச் சுமார் 1 மி.மீ. உள்ளே போகும், ஆழம் கூடக் கூட இன்னும் மெதுவாகும். கொழுப்பு வேறு தடுக்கும். அதுவரை நடுவில் இருக்கும் கட்டி, மும்பைப் புழுக்கத்தில் தன்னைத் தானே தின்றுகொண்டிருக்கும். அப்படிப்பட்ட திசுவில், கட்டி ஹார்மோன் மருந்துக்கு மசியுமா என்று பார்க்கும் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் சோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். ஹார்மோன் மாத்திரை கிடைக்க வேண்டிய பெண்ணுக்கு அது கிடைக்காமல் போகும். கட்டியை மறுபடி எடுக்கவா முடியும்?

வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள், வாய் அகன்ற டப்பாவில், திசுவைப் போல் 10 மடங்காவது 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போட வேண்டும். அதற்கு முன் மார்ஜினுக்கு, அதாவது வெட்டிய விளிம்புக்கு, மை தடவி, 1 செ.மீ. இடைவெளியில் கீறி, இடையில் காஸ் துணி வைக்க வேண்டும். கீறுவது திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் பேத்தாலஜிஸ்ட் டாக்டரின் வேலை, நீங்களாகக் கத்தி எடுக்காதீர்கள். ரிசெப்டர் சோதனை உண்டென்றால் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் ஊறட்டும்.

சலைனில் அனுப்புவது

சலைன் வெறும் உப்புத் தண்ணீர், ஆட்டோலிசிஸை நிறுத்தாது.

ஃப்ரீசரில் வைப்பது

பனிக்கட்டி செல்லைக் கிழிக்கும். 4 டிகிரி ஃப்ரிட்ஜ் நொதிகளின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

ஆட்டோலிசிஸை நெக்ரோசிஸ் என்று எடுத்துக்கொள்வது

நெக்ரோசிஸ், அதாவது உடம்புக்குள் இருந்தபோதே செத்த திசு என்றால், பெரும்பாலும் சுற்றிலும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூடியிருக்கும். ஆட்டோலிசிஸில் அந்தக் கூட்டம் இருக்காது. உட்கரு வெளிறி, எபிதீலியம் என்ற மேல்படலம் உரிந்து கிடக்கும். சந்தேகம் வந்தால் டாக்டர் முதலில் கேட்பது நேரத்தைத்தான். எத்தனை மணிக்கு வெட்டினார்கள், எத்தனை மணிக்கு ஃபார்மலினில் போட்டார்கள், இரண்டையும் படிவத்தில் எழுதாத டப்பாவை வாங்கும்போதே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.