நாய்க்கு ஓயாத அரிப்பா? எதிலிருந்து தொடங்குவது

மதுரையில் ஒரு நாய் சொறியத் தொடங்கினால் தெருவே வைத்தியம் சொல்லும். வேப்பெண்ணெய், மஞ்சள், மண்ணெண்ணெய், லாரிப் பட்டறையின் பழைய எஞ்சின் ஆயில். கடைசி இரண்டும் தோலைப் புண்ணாக்கும். நாய் நக்கிவிட்டால் உள்ளே போய் நஞ்சாகும். தயவுசெய்து வேண்டாம்.

எங்கள் வெள்ளையன் ராஜபாளையம் கலப்பு. வெள்ளை ரோமத்துக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல் என்பதால் சற்றே சிவந்தாலும் பளிச்சென்று தெரியும். அவனுக்கு அரிப்பு அடங்கியது ஒரு வரிசைப்படி போனபோதுதான். ஷாம்பு, சாப்பாடு, மாத்திரை என்று ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது கேட்டது என்று மருத்துவருக்கும் தெரியாது.

1. எங்கே சொறிகிறது?

வால் அடியிலும் இடுப்பிலும் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகியுங்கள். பாதம், காது, அக்குள், அடிவயிறு என்றால் உணவோ, தூசி, மகரந்தம் போன்றவையோ காரணமாக இருக்கலாம். காது ஓரமும் முழங்கையும் ரோமம் கொட்டி, வீட்டில் இருப்பவர்களுக்கும் அரிப்பு வந்தால் அது சொறிப்பூச்சியாக இருக்கக்கூடும். ஒவ்வாமை என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனையானாலும் தனியாரானாலும், தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

2. தெள்ளு

உண்ணி கண்ணுக்குத் தெரியும், பிடுங்கிவிடுவோம். தெள்ளு ஓடி ஒளிந்துவிடும். அதன் எச்சில் ஒவ்வாத நாய்க்கு ஓரிரு கடியே போதும். பேன் சீப்பால் வாலடியை வாரி, வரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். மண் என்றால் அப்படியே கிடக்கும். தெள்ளின் கழிவு என்றால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் துருச் சிவப்பாகக் கசியும். அது நாயின் ரத்தம்.

பவுடரில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாதி தரையில் கொட்டும், மீதியை நாய் நக்கும். என் வாக்கு மாத்திரைக்கு. ஃப்ளூராலனர் மாத்திரை ஒன்று தெள்ளுக்கு ஏறத்தாழ 12 வாரம் தாங்கும். வலிப்பு வரும் நாய் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். முட்டையும் புழுவும் நாயின் மேல் தங்குவதில்லை, உதிர்ந்து அது படுக்கும் சாக்கிலும் தரை விரிசலிலும் இருக்கும். சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, வெந்நீரில் துவைக்கக்கூடிய பழைய பருத்திப் புடவையை விரியுங்கள்.

3. குளியல்

சொறிந்த இடத்தில் கிருமியும் பூஞ்சையும் குடியேறும். புளித்த வாடை அதன் அடையாளம். குளோர்ஹெக்சிடின் ஷாம்பு, மருத்துவர் சொன்னால் வாரம் இரண்டு முறை. நுரை தோலில் 10 நிமிடம் நிற்க வேண்டும், உடனே அலசினால் காசுதான் வீண். சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துக் கிடக்கும். சூடு அரிப்பைக் கூட்டும் என்பதால் விடியற்காலையில் குளிப்பாட்டுங்கள். விரல் இடுக்குகளில் ஈரம் தங்கக்கூடாது.

4. சாப்பாடு

இங்கேதான் எல்லா வீடும் தோற்கும். உணவு ஒவ்வாமைக்கு நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது. இதுவரை தின்றிராத ஒரு கறியை மட்டும் குறைந்தது 8 வாரம் கொடுத்துப் பார்ப்பதே வழி. கோழித் தலையும் பால்சோறும் தின்று வளர்ந்த நாய்க்குக் கோழி, பால், முட்டை மூன்றும் சந்தேகத்தில் வரும். வெள்ளையனுக்குக் கண்மாய் ஜிலேபி மீனைத் தேர்ந்தெடுத்தோம். வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, வெறும் சோற்றில் பிசைந்தது. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லை. குட்டிகளுக்கு இதைச் சொந்தமாகத் தொடங்காதீர்கள்; சத்துக் கணக்கு வேறு.

சமைப்பது பெரிய வேலையில்லை, காவல்தான் வேலை. அப்பத்தா ஒரு வாய் தயிர்ச்சோறு உருட்டிப் போடுவார். கேட்டால், “வாயில்லாத ஜீவன், பார்த்துக்கொண்டே இருக்கிறதே அப்பா” என்பார். எதிர்வீட்டுப் பையன் பிஸ்கட் போடுவான். சால்னா ஒட்டிய பரோட்டாத் துண்டு தெருமுனையில் கிடக்கும். ஒரு துண்டு உள்ளே போனாலும் பலனை நம்ப முடியாது. வாயிற்கதவில் “எதுவும் கொடுக்காதீர்கள், மருந்து நடக்கிறது” என்று எழுதி ஒட்டினோம். ‘மருந்து’ என்றால் கேட்கும் ஊர், ‘ஒவ்வாமை’ என்றால் சிரிக்கும்.

யாரும் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு: இறைச்சி மணம் சேர்த்த பூச்சி மாத்திரைகளும் சத்து மாத்திரைகளும். இந்த வாரங்களுக்கு மணமில்லாத மாற்று கேளுங்கள். மாத்திரையைப் பன்னில் மறைக்காமல் அதே மீனில் மறையுங்கள்.

அரிப்பு குறைந்ததும் பழைய சாப்பாட்டை ஒருமுறை திரும்பக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் உணவுதான் காரணம். திரும்பாவிட்டால் வேறு எதையோ தேட வேண்டும்.

5. எதுவும் இல்லையென்றால்

மிஞ்சுவது தூசிப்பூச்சி, மகரந்தம் போன்றவை. இது தீராது, கட்டுக்குள் வைக்கலாம். ஸ்டீராய்டு ஊசி ஒரே நாளில் அடக்கும், பிறகு நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். நெடுநாளுக்கு அது உதவாது. ஒக்லாசிடினிப் மாத்திரை விலை கூடுதல், ஆனால் அரிப்பை நன்றாக அடக்குகிறது. ஒரு வயது நிரம்பாத குட்டிக்குக் கூடாது. காலி மனைகளில் பார்த்தீனியம் மண்டிய பக்கம் நடையைத் தவிருங்கள், வந்ததும் காலைக் கழுவித் துடையுங்கள்.

பிற்சேர்க்கை: நமக்கு வாங்கும் செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மருந்தைக் கொடுக்கலாமா என்று பலர் கேட்டார்கள். பல நாய்களுக்கு அது அவ்வளவாகக் கேட்பதில்லை. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சளி மருந்து கலந்த வகை ஆபத்து. சிரப்பில் சைலிட்டால் இனிப்பு இருந்தால் நாய்க்கு விஷம்.

பூனையும் வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று: நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனையைக் கொல்லும். இரண்டும் ஒன்றாகப் படுக்கும் வீட்டில் அதை வாங்கவே வேண்டாம்.