ரைஃபிள் போல்ட்டுக்கு செராகோட் அடிப்பது எப்படி?

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் நிறைய பேரிடம் இருப்பது ரெமிங்டன் 700. 1962இல் வந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். போல்ட் என்பது சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையை, பின்னாலிருந்து மூடும் எஃகு உருளை. மழையில் நனைந்த போல்ட்டைத் துடைக்காமல் விட்டால் துரு பிடிக்கும், அதற்குத்தான் செராகோட் மாதிரி செராமிக் கலந்த கோட்டிங். பேரலுக்கு அடிப்பது சுலபம், அது எதிலும் உரசாது. போல்ட் அப்படியா? முன்னும் பின்னும் ஓடும், சுழலும், பூட்டும். அதனால் எங்கே அடிக்கலாம் என்பதைவிட எங்கே அடிக்கக் கூடாது என்பதுதான் இங்கே முக்கியம்.

முதல் வேலை, மேகசினையும் சேம்பரையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். ட்ரிக்கருக்கு முன்னால் இருக்கும் சின்ன நெம்புகோலை அழுத்தினால் போல்ட் பின்பக்கமாக வெளியே வந்துவிடும். போல்ட்டின் பின்முனையில், ஃபயரிங் பின்னோடு (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியோடு) சேர்ந்த காக்கிங் பீஸில் ஒரு வெட்டு தெரியும். அதைப் பின்னுக்கு இழுத்து அந்த வெட்டில் ஒரு நாணயத்தைச் செருகிவிட்டால் ஸ்ப்ரிங் அங்கேயே நிற்கும், அப்புறம் ஃபயரிங் பின் தொகுதியை மரை கழற்றுவதுபோல் சுழற்றி எடுத்துவிடலாம். காலித் தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரையும் அதன் ஸ்ப்ரிங்கையும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிங் மணல் (கோட்டிங் பிடிக்கும்படி பரப்பைச் சொரசொரப்பாக்க வேகமாக அடிக்கும் மணல்) உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து எண்ணெய்ப் பசையே இல்லாமல் அசிட்டோனில் ஊறவைக்க வேண்டும். வெளிக்காற்று உள்ள இடம், கையுறை, பக்கத்தில் நெருப்பு கூடாது. ஊறியதும் 150 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் துளைகளில் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து வரும். வந்தால் மறுபடி அசிட்டோன். சமையல் அவனில் மட்டும் வைக்காதீர்கள், பழைய அவன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது மறைக்கும் வேலை, இதில் அவசரமே கூடாது. போல்ட்டின் முகம், ஃபயரிங் பின் துளை, எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாக் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி), பின்பக்கக் காக்கிங் சரிவு, கைப்பிடி அடியில் ரிசீவரோடு (போல்ட் ஓடும் கூட்டோடு) உரசும் சரிவு, எல்லாவற்றுக்கும் மேலாக லாக்கிங் லக்குகளின், அதாவது போல்ட்டைப் பூட்டும் முன்முனைப் புடைப்புகளின், பின்முகம். .308 வின்செஸ்டர் தோட்டாவின் அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ வரை போகலாம், அந்தப் பளு முழுவதும் அந்த இரண்டு லக்குகளின் பின்முகத்தில்தான் விழுகிறது. அங்கே கோட்டிங் இருந்தால் போல்ட் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும், ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) குறையும், பிறகு அது தேயத் தேய மறுபடி மாறும். சூடு தாங்கும் பாலியஸ்டர் டேப்பும் சிலிகான் அடைப்பானும் போதும். பிளாஸ்டிங்குக்கு 100 கிரிட் அலுமினியம் ஆக்சைடு, அதற்கப்புறம் வெறும் கையால் தொடவே கூடாது.

அடிக்கும்போது கெமிக்கல் மாஸ்க் கட்டாயம், துணி மாஸ்க் உதவாது. கோட்டிங்கை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் கலக்கும் விகிதத்தை டப்பாவோடு வரும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கனம். அது சுற்றிலும் படிவதால் விட்டத்தில் இரண்டு பங்கு கூடும், ஆகவே இடைவெளி குறைவாகக் கடைந்தெடுத்த கஸ்டம் ஆக்‌ஷன் (தனியாகச் செய்வித்த ரிசீவரும் போல்ட்டும்) என்றால் போல்ட் சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அந்த மாதிரி ரைஃபிளுக்கு இன்னும் மெல்லியதான மைக்ரோ ஸ்லிக் வகைதான் சரி.

டேப்பைக் கவனமாக உரித்துவிட்டு, கம்பியில் தொங்கவிட்டு 120 டிகிரியில் 2 மணி நேரம் வேகவிடுங்கள். எச் சீரிஸ் வகைக்கு இதுதான் கணக்கு, காற்றில் உலரும் சி சீரிஸுக்கு அவன் வேண்டாம், ஆனால் முழுசாக இறுக 5 நாள் பொறுக்க வேண்டும்.

ஆறியதும் ஃபயரிங் பின், எஜெக்டர் இல்லாத போல்ட்டைப் போட்டு ஹெட்ஸ்பேஸ் கேஜால் பாருங்கள். குறைந்தபட்ச அளவான கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், அதிகபட்ச அளவான நோ-கோ கேஜில் மூடக் கூடாது. இரண்டில் ஒன்று தப்பினாலும் சுடாமல் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். சரியாக இருந்தால் எல்லாவற்றையும் பூட்டி, லக்குகளின் பின்முகத்தில் மட்டும் துளி கிரீஸ் தடவி, சேஃப்டி வேலை செய்கிறதா என்று காலித் துப்பாக்கியிலேயே சோதித்துவிடுங்கள்.