இரண்டு ‘ஆஃபிஸ்’களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

ஹட்டன், நுவரெலியா பக்கம் மழை பிடித்தால் சிக்னலை நம்ப முடியாது. ‘தி ஆஃபிஸ்’ என்ற டிவி நகைச்சுவைத் தொடரின் இரண்டு பதிப்புகளையும் முதலிலேயே டவுன்லோட் பண்ணி வையுங்கள். பிரிட்டிஷ் ‘தி ஆஃபிஸ்’ (2001) முதல் அத்தியாயத்தையும், அமெரிக்கப் பதிப்பின் (2005) முதல் அத்தியாயத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கதை கிட்டத்தட்ட ஒன்றேதான், வேறுபடுவது மௌனம். பிபிசியில் விளம்பரம் இல்லை, அரைமணி நேரமும் சங்கடத்தை இழுக்கலாம். அமெரிக்கருக்குச் சுமார் 22 நிமிடம்தான். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை முன்னால் அன்றைய வேலைக்குப் பேர் போடக் காத்து நின்றவர்களுக்கு அந்த மௌனம் சட்டென்று புரியும்.

பலரும் அமெரிக்கப் பதிப்பை முதல் சீசனின் 6 அத்தியாயங்களோடு கைவிடுகிறார்கள். அவசரம். இரண்டாம் சீசனில் மேலாளர் மைக்கேலைக் கொஞ்சம் இரக்கத்துக்குரியவனாக்கிய பிறகே அது தன் காலில் நிற்கிறது. 201 அத்தியாயம் ஓட, வெறுக்க முடியாத ஆள் வேண்டுமே! பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரான ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ மொத்தமே 12 அத்தியாயம். அங்கே யாரையும் திருத்தத் தேவையில்லை.

பிரிட்டிஷ் உச்சரிப்பு பிடிபடாவிட்டால் ஆங்கில சப்டைட்டிலைப் போடுங்கள்.