எதிர்மறை வலுவூட்டலும் இரண்டு எலிகளும்: உளவியல் வாசலில் இடறுபவர்களுக்கு

போன மாதம் பி.எட். உள்தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் இப்படி ஒரு வரி: "மாணவனைப் பிரம்பால் அடிப்பது எதிர்மறை வலுவூட்டலாகும். இது கற்றலை மேம்படுத்தும் என்று ஸ்கின்னர் கூறியுள்ளார்." சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய்த் தேநீர் போட்டுக் குடித்தேன். எழுதிய பெண்ணின் மேல் கோபமில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே கருத்தை இதைவிட அழகான கையெழுத்தில் எழுதி, முழு மதிப்பெண்ணும் வாங்கியவள்.

உளவியலைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் ஆண்டுதோறும் விழும் பள்ளங்கள் சில உண்டு. பியாஜே, பாவ்லோ போன்ற அறிஞர்களின் பெயர்களை மாற்றி எழுதுவது, ஆண்டுகளைக் குழப்புவது எல்லாம் தாமாகவே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 வினாக்களில் 30 இந்தப் பாடத்திலிருந்து வருவதால், பலர் இதைக் கொள்குறி வினா விடையாகவே விழுங்குகிறார்கள். அங்கே தவறினால் ஒரு மதிப்பெண் போகும். வகுப்பறையில் தவறினால் ஒரு பிள்ளையின் ஓராண்டு போகும். என் கையால் அப்படி ஒன்று போயிருக்கிறது.

எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதுவது

குழப்பத்தில் பாதிப் பங்கு சொல்லுக்கு உண்டு. "எதிர்மறையாகப் பேசாதே" என்று நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல் காதில் விழுந்ததுமே கெட்டது, கசப்பானது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. பள்ளியில் தமிழாசிரியர் நடத்திய இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். 'வாடா மலர்' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வாடாத மலரில் என்ன கெடுதல் இருக்கிறது? அங்கே எதிர்மறை என்பதற்கு 'இல்லை' என்று மட்டுமே பொருள். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் எதிர்மறையும் இந்த இலக்கண வீட்டைச் சேர்ந்ததுதான்: ஒன்று இல்லாமல் போகிறது.

வலுவூட்டல் என்றால், ஒரு செயல் மறுபடி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒரு தொல்லை விலகுவதால் ஒரு செயல் வலுப்பெறுகிறது என்று வரும். பெட்டிக்குள் எலி. தரைக் கம்பிகளில் லேசான மின்சாரம். எலி நெம்புகோலை அழுத்தினால் மின்சாரம் நிற்கிறது. சில தடவைகளுக்குப் பிறகு, மின்சாரம் வந்ததுமே எலி நெம்புகோலுக்கு ஓடுகிறது. தலை வலிக்கும்போது மாத்திரை டப்பாவைத் தேடுகிறோமே, அதுவும் இதுதான். காரில் பெல்ட்டை மாட்டும்வரை ஒரு மணி கத்திக்கொண்டே இருக்கிறது. அதன் வாயை அடைக்கவே பெல்ட் போடுகிறவர்கள் எத்தனை பேர்!

தண்டனை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகும். அங்கே செயல் குறைய வேண்டும். ஆகவே எந்த நிகழ்ச்சியைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். முதலில், அந்தச் செயல் பிறகு கூடியதா, குறைந்ததா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. அடுத்து, ஏதாவது வந்து சேர்ந்ததா, விலகிப் போனதா? சேர்ந்தால் நேர்மறை, விலகினால் எதிர்மறை. வரிசையை மாற்றாதீர்கள். "பிரம்பு கசப்பானது, ஆகவே எதிர்மறை" என்று இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள். பிரம்படி வந்து சேர்கிற ஒன்று; அதனால் செயல் குறைந்தால் அது நேர்மறைத் தண்டனை. ஆம், நேர்மறைத் தண்டனை. கேட்க விநோதமாக இருந்தாலும் பெயர் அதுதான்.

மாணவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஸ்கின்னரே 1938-இல் வெளிவந்த தம் முதல் நூலில் இந்தச் சொல்லைத் தண்டனை என்ற பொருளில்தான் கையாண்டார். 1953-இல் வெளிவந்த நூலில் இன்றைய பொருளுக்கு மாறிவிட்டார். அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. நம் வழிகாட்டிப் புத்தகங்கள் சிலவற்றுக்கு மட்டும் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. தண்டனையை எதிர்த்தே எழுதிவந்த மனிதரின் பெயரால் பிரம்புக்கு வக்காலத்து வாங்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்திருக்கிறது என்பது தனிக் கதை.

இனி என் கதை. கல்லூரிக்கு வருமுன் நான் பள்ளியில் கணக்கு நடத்தினேன். எட்டாம் வகுப்பு, மதிய உணவுக்கு அடுத்த பாடவேளை. ஒரு பையன் பெஞ்சைத் தட்டுவான், பக்கத்தில் இருப்பவனின் ஜியோமெட்ரி பாக்ஸைப் பிடுங்குவான். "எழுந்து வெளியே போ" என்பேன். போய்விடுவான். வகுப்பு அமைதியாகிவிடும். இதற்குத் தண்டனை என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு மாதத்தில் அவன் குறும்பு குறையவில்லை. தினமும் நடந்தது, அதுவும் வரவர நேரத்தோடு. ஒரு நாள் நான் வகுப்புக்குள் நுழையும் முன்பே அவன் வராந்தா தூணடியில் போய் உட்கார்ந்திருந்தான். மண்ணில் குழி தோண்டி, வேப்பங்கொட்டைகளை வைத்துத் தனக்குத்தானே பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தான்.

"ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய்?"

"எப்படியும் அனுப்பத்தானே போகிறீர்கள், டீச்சர்."

கணக்கு வராத பையனுக்குக் கணக்கு வகுப்புதான் மின்சாரம் பாய்ந்த தரை. பெஞ்சைத் தட்டுவது நெம்புகோல். தட்டினால் கணக்கு விலகிப்போகும். நான் தினமும் தவறாமல் அவனுடைய குறும்புக்கு வலுவூட்டிக்கொண்டிருந்தேன். இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. "வெளியே போ" என்று சொன்னதும் எனக்கு என்ன நடந்தது? இரைச்சல் விலகியது. ஆகவே மறுநாள் இன்னும் சீக்கிரமாகச் சொன்னேன். அந்தப் பெட்டிக்குள் எலிகள் இரண்டு.

புரிந்ததும் அடுத்த தவறையும் செய்தேன். இனி வெளியே அனுப்புவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டேன். குறும்பு குறையவில்லை, இரண்டு மடங்கானது. பழகிப்போன பலன் திடீரென்று நின்றால் செயல் முதலில் எகிறும். அணையப்போகிற விளக்கைப் போல. இதையும் படித்துத்தான் இருந்தேன். ஆனாலும் நான்காம் நாள் பொறுமை போய் "வெளியே போ" என்று கத்திவிட்டேன். அதுவரை தட்டினால் போதும் என்றிருந்தவனுக்கு, நாலு நாள் விடாமல் தட்டினாலும் பலன் உண்டு என்று கற்றுக்கொடுத்தாயிற்று. எப்போதாவது கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை மிகக் கெட்டியாக்கும். லாட்டரிச் சீட்டு வாங்கியவர்களைக் கேளுங்கள்.

கடைசியில் கைகொடுத்ததும் எதிர்மறை வலுவூட்டல்தான், சரியான பக்கத்திலிருந்து. "பத்துக் கணக்கு. முதல் நான்கைச் சரியாகப் போட்டால் மீதி ஆறு வேண்டாம்" என்றேன். கணக்கு விலக வேண்டுமென்றால் கணக்குப் போட வேண்டும். முதல் நாள் அவன் நம்பவில்லை. நான்கைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான். நான் நோட்டை வாங்கி மூடி வைத்தேன். ஆனால் அதற்குள் பிப்ரவரி வந்துவிட்டது. முழு ஆண்டுத் தேர்வில் 38 வாங்கினான். ஜூலையிலேயே எனக்குப் புரிந்திருந்தால் இன்னும் எவ்வளவு வாங்கியிருப்பான் என்ற கணக்கை இன்றும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதை ஆசிரியர் வேலைக்கான செய்தி என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனநலக் கோளாறுகள் பல தாக்குப்பிடிப்பதே இந்த விசையில்தான். என் உறவில் ஓ.சி.டி. என்ற கட்டாய எண்ணக் கோளாறு உள்ள ஓர் அக்காவுக்கு, கேஸ் சிலிண்டரை மூடினோமா என்ற சந்தேகம் இரவில் ஓயாது. எழுந்துபோய்த் திருகிப் பார்ப்பார், பதற்றம் விலகும், பத்து நிமிடத்தில் மறுபடி எழுவார். வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். "மூடியாயிற்று, படுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் அன்பாகச் சொல்வார்கள். அந்த ஆறுதலும் பதற்றத்தைக் கொஞ்ச நேரம் நீக்குகிறது. ஆகவே கேட்பதும் வலுப்பெறுகிறது. நானும் சேர்ந்து சொல்லியிருக்கிறேன், முதுகலைப் பட்டத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு. 1966-இல் உளவியலாளர் விக்டர் மேயர் வெளியிட்ட சிகிச்சை முறை இந்தச் சங்கிலியைத்தான் வெட்டியது: அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளவைத்து, சரிபார்க்கும் சடங்கைச் செய்யாமல் நிறுத்திவைப்பது. பயிற்சி பெற்றவர் துணையோடு செய்ய வேண்டியது அது. படித்துவிட்டுப் போய் வீட்டில் ஒரே நாளில் எல்லோர் வாயையும் கட்டிவிடாதீர்கள்.

மனச்சிதைவு என்றதும் இரண்டு ஆட்களைத் தேடுவது

பழியில் கொஞ்சம் சினிமாவுக்கு, கொஞ்சம் மறுபடியும் சொல்லுக்கு. 1908-இல் சுவிஸ் மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 'பிளவு', 'மனம்' என்ற கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இந்த நோய்க்கு 'ஸ்கிசோஃப்ரினியா' என்று பெயர் வைத்தார். அவர் சொன்ன பிளவு, எண்ணத்துக்கும் உணர்ச்சிக்கும் இடையிலான பிணைப்பு தளர்வது. ஓர் உடலில் இரண்டு ஆட்கள் குடியிருப்பதாகச் சொல்லப்படுவது முற்றிலும் வேறு கோளாறு, அரிதானதும்கூட.

இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. குரலும் நடையும் மாறும் 'இன்னொரு ஆளை' எதிர்பார்த்திருக்கும் குடும்பம், எதிரில் இருப்பதைத் தவறவிடும்: பையன் மாதக்கணக்கில் அறையைவிட்டு வரவில்லை, குளிப்பதில்லை, யாருமில்லாத குரலுக்குப் பதில் சொல்கிறான், பக்கத்து வீட்டார் தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்கிறான். பிறகு பேய் என்பார்கள், செய்வினை என்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. இந்த அலகை நடத்தும் நாளில் ஏர்வாடியைச் சொல்லாமல் நான் நடத்துவதில்லை.

அறிகுறிப் பட்டியலோடு வீட்டுக்குப் போவது

மனநலக் கோளாறுகள் அலகு தொடங்கிய மூன்றாம் நாள், விடுதியில் பாதிப் பேருக்கு எல்லா நோயும் வந்துவிடும். மீதிப் பாதி மற்றவர்களுக்கு நோய் கண்டுபிடிக்கும். நான் இரண்டாவது ரகம். சதா படுத்தே கிடந்த சித்தப்பாவுக்கு மனச்சோர்வு என்று பெயர்சூட்டி, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து மனம் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மருத்துவர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். தைராய்டு குறைபாடு. மாத்திரையில் சித்தப்பா எழுந்து நடமாடத் தொடங்கினார். என்னைக் கண்டால் மட்டும் சில காலம் ஒதுங்கியே போனார்.

மனச்சோர்வு நோய்க்கு அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களுக்கு, ஏறக்குறைய எல்லா நாளும் இருக்க வேண்டும். அது பெருந்துயரம் தர வேண்டும், அல்லது வாழ்க்கை நடப்பதற்கே இடையூறாக வேண்டும். உடல்நோயோ மருந்தோ காரணமாக இருக்கக்கூடாது. மாணவர்கள் ஒன்பதையும் மனப்பாடம் செய்கிறார்கள். பின்னால் வரும் நிபந்தனைகளைத் தேர்வில் கேட்பதில்லை என்று விட்டுவிடுகிறார்கள். யாரைப் பற்றியாவது உண்மையிலேயே கவலை இருந்தால் பட்டம் சூட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள்.

இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர்

கணக்கில் கெட்டிக்காரர் இடது மூளை, கலையில் கெட்டிக்காரர் வலது மூளை என்பார்கள். அப்படி இரண்டு சாதிகள் இல்லை. மொழி பெரும்பாலானோருக்கு இடப்பக்கம் சாய்ந்திருப்பது உண்மை. மூளை ஆய்வாளர் ரோஜர் ஸ்பெரி 1981-இல் நோபல் பெற்ற ஆய்வுகள், இரு அரைக்கோளங்களுக்கும் நடுவிலுள்ள நரம்புப் பாலத்தை வலிப்பு நோய்க்காகத் துண்டித்துக்கொண்டவர்களைப் பற்றியவை. உங்கள் பாலம் துண்டிக்கப்படவில்லை. கணக்குப் போட்டாலும் கோலம் போட்டாலும் இரண்டு பக்கமும்தான் வேலை செய்கின்றன.

பத்து சதவீத மூளை

மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது கட்டுக்கதை. முழுவதும் வேலை செய்கிறது. உடல் எடையில் 2 சதவீதம் இருந்துகொண்டு 20 சதவீத ஆற்றலைத் தின்கிறது.

பாவ்லோவின் நோபல்

1904-இல் கிடைத்தது செரிமான ஆய்வுக்கு. மணியடித்து நாய்க்கு எச்சில் ஊறவைத்ததற்காக இல்லை.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர்

பாடத்திட்டக் குறிப்புகளில் இன்னும் உலவுகிறது. பிள்ளையின் 'பாணி'க்கு ஏற்றபடி நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று 2008-இல் உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லரும் உடனாய்வாளர்களும் எழுதினார்கள். படம் தேவைப்படும் பாடத்துக்குப் படம், கேட்க வேண்டியதற்கு ஒலி. பாடம்தான் முடிவு செய்யும்.

மூன்று தடவை வாசித்துவிட்டேன் என்பது

வாசிக்க வாசிக்க வரிகள் பழகிவிடும். பழகியதைத் தெரிந்ததாக எண்ணிக்கொள்வதுதான் வினை. 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் இது யாருக்கும் தேவைப்படாது. பத்து நாள் முன்பே தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

அந்தப் பிரம்பு விடைத்தாள் பெண்ணையும் அப்படித்தான் உட்காரவைத்தேன். தாளின் பின்பக்கத்தில் சேர்வதால் கூடும், விலகுவதால் கூடும், சேர்வதால் குறையும், விலகுவதால் குறையும் என்று நான்கு கட்டம் போடச் சொல்லி, புத்தகத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றுக்கும் சொந்த வீட்டிலிருந்து ஓர் உதாரணம் கேட்டேன். மூன்று சரியாக வந்தன. நான்காவதில், விலகுவதால் குறையும் கட்டத்தில், 'தம்பி விளையாட்டில் கத்தினால் அம்மா செல்போனைப் பிடுங்கி வைத்துவிடுவார்' என்று எழுதினாள். சரி என்றேன். பேனாவை வைக்கவில்லை, கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடுங்கினதும் வீடு அமைதியாகிவிடுகிறது, மேடம். அப்போது அம்மாவை எந்தக் கட்டத்தில் போடுவது?"