வேலை மேஜையைக் காலி செய்து ஒழுங்குபடுத்துவது எப்படி? முதல் தடவை செய்பவர்களுக்கு

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மட்டும் மேஜையைச் சுத்தம் செய்கிற வீடுகள் நம்மில் நிறைய. அன்றைக்கும் மேலே இருப்பதை அப்படியே அள்ளி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறோம், பொட்டு வைத்துப் பூஜை முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிடுகிறது. காரணம் எளிது. மேஜையில் சேருவதில் முக்கால்வாசி, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வைத்த சாமான்தான், அந்த 'அப்புறம்' வராத வரைக்கும் எவ்வளவு அழகாக அடுக்கினாலும் நிற்காது. அதனால் பேனா ஸ்டாண்டு, டிரே என்று எதையும் முதலில் வாங்காதீர்கள். எது மிஞ்சுகிறது என்று தெரிந்தபிறகு வாங்கினால் போதும், பெரும்பாலும் வாங்கவே வேண்டியிருக்காது.

1. எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள்

விடுமுறை நாளில் காலை நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். ஒயர்களைக் கழற்றுமுன் மானிட்டர், ரௌட்டர் இவற்றின் பின்பக்கத்தை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எது எங்கே செருகியிருந்தது என்று அப்புறம் தேட வேண்டாம். ஒரு பழைய பெட்ஷீட்டைத் தரையில் விரித்து, டிராயரில் இருப்பது உட்பட அத்தனையையும் அதில் கொட்டுங்கள். பாதியை மேஜையிலேயே விட்டுவிட்டு ஒதுக்க ஆரம்பித்தால் சாமான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகுமே தவிர குறையாது.

2. துடைப்பது

உலர்ந்த துணி, பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, அவ்வளவுதான். சன்மைக்கா மேஜையில் செல்லோடேப் பசை ஒட்டியிருந்தால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்துத் துடைத்தால் வந்துவிடும் (பாலிஷ் போடாத மரத்தில் இதைச் செய்யாதீர்கள், கறை பிடிக்கும்). மானிட்டர் திரைக்கு மென்மையான உலர்ந்த துணி போதும், எந்தத் திரவத்தையும் நேராகத் திரைமேல் அடிக்கக் கூடாது.

3. பிரிப்பது, இதில்தான் நேரம் போகும்

பேனாவில் தொடங்குங்கள், சுலபம். ஒவ்வொன்றையும் வேண்டாத காகிதத்தில் கிறுக்கிப் பாருங்கள், எழுதாதது போகட்டும், எழுதுவதில் மூன்று மேஜைக்கு, மீதி டிராயருக்கு.

அடுத்தது காகிதம். பத்திரம், மார்க்‌ஷீட், பாஸ்போர்ட் மாதிரி அசல்கள் வேலை மேஜையில் இருக்கவே கூடாது, உடனே பீரோவுக்குப் போகட்டும். ஆவணங்களை மொபைலில் வைத்துக்கொள்ள மத்திய அரசு நடத்தும் டிஜிலாக்கரில் அரசுத் துறைகளே வழங்கும் ஆவணங்கள், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2016 விதிகளின்படி அசலுக்குச் சமம், ஆனால் நாமாக ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது, அதை நம்பி அசலைத் தொலைத்துவிடாதீர்கள்.

கடை பில்களை எடுத்து ஒரு முறை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல் காகிதம், மை கிடையாது, சூட்டில் உருவாகும் எழுத்து. வெயிலும் வெக்கையும் பட்டால் மங்கி, வாரண்டி கேட்டு எடுத்துப்போகும் நேரத்தில் வெற்றுத்தாளாக இருக்கும். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, லேப்டாப் பில் எதுவானாலும் இன்றைக்கே போட்டோ எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு வாரண்டி அட்டையோடு சேர்த்துப் பின் செய்துவிடுங்கள்.

வேண்டாத காகிதம் பழைய பேப்பர் கடைக்குப் போகலாம். ஆனால் ஆதார் ஜெராக்ஸ், பேங்க் ஸ்டேட்மெண்ட், சம்பளச் சீட்டு இவற்றைத் துண்டு துண்டாகக் கிழித்தபிறகுதான். அந்தக் கடைக் காகிதம் எங்கெல்லாம் பொட்டலம் மடிக்கப் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

முடிவெடுக்க முடியாத சாமான் கொஞ்சம் எப்போதும் மிஞ்சும். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு வழி தெரிந்திருக்கும். வேலையிடத்தை ஒழுங்காக வைக்க ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த 5எஸ் முறையில் முதல் வேலையே தேவையானதையும் தேவையில்லாததையும் பிரிப்பதுதான், சந்தேகமாக இருப்பதற்குச் சிவப்பு அட்டை கட்டித் தனியாக ஓரிடத்தில் வைத்துவிடுவார்கள். நீங்களும் ஒரு பெட்டியில் போட்டு மேலே தேதியை எழுதி லாஃப்டில் வையுங்கள். மூன்று மாதத்தில் தேடிப் போகாததைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம்.

உப்பிப்போன மொபைல் பேட்டரி கிடைத்தால் அதை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

4. திரும்ப வைப்பது

நாற்காலியில் உட்கார்ந்து முழங்கை உடம்பை ஒட்டியிருக்கும்படி கையை இரண்டு பக்கமும் வீசிப் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் கீபோர்டு, மவுஸ், ஒரு நோட்டு, பேனா மட்டும். கையை முழுக்க நீட்டினால் எட்டும் தூரத்தில் போன், மூடி போட்ட தண்ணீர் பாட்டில். எழுந்து போய் எடுக்க வேண்டியது அலமாரிக்கு. மானிட்டர் ஏறக்குறைய ஒரு கை நீளம் தள்ளி, அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், பக்கவாட்டில் வருமாறு மேஜையைத் திருப்புங்கள்.

5. ஒயர்

செல்லோடேப்பை ஒயரின் நுனியில் கொடி மாதிரி மடித்து ஒட்டி 'ரௌட்டர்', 'மானிட்டர்' என்று பெர்மனென்ட் மார்க்கரில் எழுதுங்கள், அவசரத்தில் தவறான பிளக்கைப் பிடுங்க மாட்டீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்க வேண்டாம், மேஜையின் காலில் கட்டிவிட்டால் வீடு துடைக்கும் ஈரமும் படாது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில் போன்றவற்றை அதில் செருகக் கூடாது, அதிக மின்சாரம் இழுத்து ஒயர் சூடாகும்.

தனி மேஜை இல்லாமல் சாப்பாட்டு மேஜையில் வேலை பார்ப்பவர்களும் இதையே செய்யலாம், மூன்றாவது படி வரை எந்த மாற்றமும் இல்லை. மிஞ்சியதை ஒரே கூடையில் போட்டு வையுங்கள். காலையில் கூடையோடு எடுத்து வந்து, சாயங்காலம் வேலை முடிந்ததும் அன்றைக்கு வந்த பில், கவர், சீட்டு எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டுக் கூடையை அலமாரியில் ஏற்றிவிடுங்கள். கூடை நிரம்பி வழிய ஆரம்பித்தால் இன்னொரு கூடை வாங்காதீர்கள், பெட்ஷீட்டை விரியுங்கள்.