யாழ்ப்பாணத்தில் ஒரு கொலை: மர்ம நாவல் எழுதுவோர் விடும் பிழைகள்

பழைய துப்பறியும் கதைகளில் இருந்து எடுக்கவேண்டியது அவற்றின் கணக்கை. பலர் மாளிகையையும் தீவையும் பூட்டிய அறையையும் அப்படியே தூக்கி வருகிறார்கள்.

1939இல் அகதா கிறிஸ்டி பத்துப் பேரைத் தனித்தீவில் அடைத்தார். அதைப் பார்த்துப் புங்குடுதீவில் ஆட்களை அடைத்தால் எங்கடை வாசகர் சிரிப்பார். வேலணையில் இருந்து கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியால் பஸ் போகிறது. நெடுந்தீவு பொருந்தும். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறவேண்டும், சோழகக் காற்று உரத்தால் கடல் பொல்லாதது. ஆனாலும் தீவில் மீன்பிடி வள்ளங்கள் நிற்கும், ஆட்களிடம் போன் இருக்கும். இரண்டையும் அடைக்காமல் 'தொடர்பு அறுந்தது' என்று எழுதமுடியாது.

யாரும் நுழையமுடியாத பூட்டிய அறைக்குள் கொலை என்பது இன்னும் சிக்கல். நாற்சார் வீட்டின் நடுமுற்றம் வானம் பார்த்துக் கிடக்கும். கூரை ஓடுகளையும் கழற்றலாம். வளவுக்கு ஒரே வழி படலை என்பதும் பிழை. அயலவர் போய்வர வேலியில் பொட்டு, அதாவது ஆள் நுழையும் இடைவெளி, இருக்கும். கொலையாளி அதால் வந்தவனென்றால், யாரோ சீனி இரவல் வாங்க வரும் ஆரம்பக் காட்சியிலேயே பொட்டைக் காட்டிவிடுங்கள்.

மிகப் பெரிய பிழை, தடயத்தை ஒளிப்பது. துப்பறிவாளர் கண்டதை வாசகரும் உடனே காணவேண்டும் என்று ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர் ரொனால்ட் நொக்ஸ் 1929இல் விதித்தார். தடயத்தை நாலைந்து பொருள்களின் நடுவில் வையுங்கள். அடுத்த வரியிலேயே ஒரு சண்டையைத் தொடக்குங்கள். கண் சண்டைக்குப் போய்விடும். முக்கியமான முடிவு ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடயமாவது வேண்டும், ஒன்றை வாசகர் தவறவிடுவார். கொலையாளியின் அன்றைய நாளை மணிவாரியாக எழுதிவைத்த பிறகே முதல் அத்தியாயத்தைத் தொடுங்கள். பின்னர் ஒட்டுப்போட்டால் நேரங்கள் இடிக்கும்.

கொனன் டொயிலின் 1892ஆம் ஆண்டு ஷேர்லொக் ஹோம்ஸ் கதையில் நாய் குரைக்காததே தடயம்: வந்தவன் அதற்குப் பழகியவன். அந்த நாயையே ஒழுங்கைக்குள் கொண்டுவந்து விடாதீர்கள், எல்லோருக்கும் தெரிந்த நாய் அது. நடக்கவேண்டியது நடக்காமல் போவதுதான் சூத்திரம்: தினமும் ஐந்து மணிக்குக் கேட்கும் கிணற்று மோட்டர் அன்று கேட்கவில்லை.

கடைசியில் எல்லோரையும் விறாந்தையில் இருத்தி விளக்கம் சொல்லும் காட்சி. சந்தேக மரணமென்றால் இங்கே நீதவான் விசாரணை, சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை என்று காரியம் நகரும். உங்கள் துப்பறிவாளர் ஓய்வுபெற்ற தபாலதிபர் என்றால், பரிசோதனை முடிவு அவர் காதுக்கு எப்படி எட்டியது? அதற்கொரு ஆளை முன்னமே கதைக்குள் விடவேண்டும். செத்தவீட்டுக்கு வந்த ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவரே போதும்.